எரிந்த மலையும் பதினைந்து நிமிட மழையும்

கச்சான் காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வவுணதீவில் மாமா வீட்டில் இருந்தேன். இது வறுத்துத் தின்கிற கச்சான் அல்ல. மே மாதம் தொடக்கம் ஓகஸ்ட் வரை மேற்கே மலைநாட்டைத் தாண்டி இறங்கி வந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பச்சையை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிற காற்று. அன்று இரவுச் செய்தியில், ஊவா மலைநாட்டில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு மலை எரிந்துகொண்டிருந்தது. மாமி கையெடுத்துக் கும்பிட்டார்: "ஆண்டவனே, ஒரு மழை பெய்யக் கூடாதா?" மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பெஞ்சா நெருப்பு நூந்திரும். பிறகு மலை சரியும். மரத்த எரிச்சா மண் ஊறி விழத்தானே வேணும்."

மாமா சொன்னதில் பாதி சரி. நெருப்புக்குப் பிறகு மழை ஆபத்துத்தான். ஆனால் "மண் ஊறி விழும்" என்ற பாதி பிழை. எரிந்த மலையில் முதலில் நடப்பது அதற்கு நேர் எதிர்: மண் ஊறுவதே இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், எந்தப் பள்ளத்தாக்கில் ஆபத்து வரும், எவ்வளவு மழைக்கு வரும் என்று மழைக்கு முன்பே எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதும் பிடிபடும்.

மூன்று பெயர், மூன்று சங்கதி

நம் பேச்சில் மலையிலிருந்து எது இறங்கினாலும் அது மண்சரிவு. வேறுபாடு தெரியாமல் எதிர்வுகூறலைப் பற்றிப் பேச முடியாது. அதனால் முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்.

வெள்ளத்தைப் பற்றி மட்டக்களப்பானுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்தான் அதில் பெரும்பங்கு. கலங்கலாக இருக்கும், கொஞ்சம் மண்ணும் தடியும் வரும், அவ்வளவுதான்.

மண்சரிவு என்பது மலையின் ஒரு துண்டு அப்படியே கழன்று வருவது. நாள்கணக்கில் பெய்த மழை உள்ளே இறங்கி, மண்ணின் பாரத்தைக் கூட்டி, பிடிப்பைக் குறைத்து, ஒரு கட்டத்தில் துண்டு வழுக்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது இந்த வகைதான். அங்கே நெருப்புக்கு வேலை இல்லை, ஊறிய மலை.

மூன்றாவது வகைக்கு ஆங்கிலத்தில் டெப்ரி ஃப்ளோ என்று பெயர். இந்தக் கட்டுரைக்குக் கற்சேற்று ஓட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். தண்ணீர், மண், சாம்பல், கல், முறிந்த மரம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஓடை வழியே ஓடிவருவது. வீடு கட்டுகிற இடத்தில் கொங்கிரீட் குழைக்கிற மிசினைக் கவிழ்த்துக் கொட்டும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மாதிரி வழிகிறது, ஆனால் சல்லிக்கல்லையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அதையே ஒரு பள்ளத்தாக்கு அளவுக்கு யோசித்துப் பாருங்கள். சல்லிக்குப் பதில் வான் அளவு பாறை. மனிதன் ஓடித் தப்ப முடியாத வேகம்.

மண்சரிவு ஒன்று ஓடையில் விழுந்து கற்சேற்று ஓட்டமாக மாறுவதும் உண்டு. எரிந்த மலையில் வருவது பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே எந்தத் துண்டும் கழன்று விழுவதில்லை. மேலே ஓடுகிற தண்ணீர்தான் வழியில் கிடக்கிறதையெல்லாம் சேர்த்துக்கொண்டு கற்சேறாகிறது.

கிடுகுக் கூரை தகரமாகிறது

அந்தக் கிழமையே மாமா கரடியனாற்றுப் பக்கம் இருக்கிற தன் சேனையை, அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுகிற நிலத்தை, எரித்தார். ஒக்டோபர் மழைக்குச் சோளன் போடுவதற்கு. நெருப்பு ஆறி இரண்டு நாள் கழித்து ஒரு தண்ணீர்ப் போத்தலோடு போனேன்.

வெறும் புல் எரிந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்ததும் காணாமல் போனது. பிறகு ஒரு பெரிய மரக்கட்டை கிடந்து இரவெல்லாம் கனன்ற இடத்துக்குப் போனேன். மேலே வெள்ளைச் சாம்பல், அதன் கீழே செங்கல் மாதிரிச் சிவந்த மண். அதில் விட்ட சொட்டும் உறிஞ்சுப்பட்டது. சரி, எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது என்ற பாடப்புத்தகம் பொய் என்று நினைத்துக்கொண்டு, விரலால் ஒரு நகத்தளவு ஆழம் சுரண்டி, அதன் கீழே இருந்த கறுத்த மண்ணில் இன்னொரு சொட்டு விட்டேன். அது நின்றது. தாமரை இலையில் நிற்கிற மாதிரி உருண்டையாக, வெயிலில் மின்னிக்கொண்டு. நாற்பது வரை எண்ணினேன், அசையவில்லை. புல்நுனியால் தள்ளினால் உருண்டது.

மண்ணை ஆராய்கிறவர்கள் செய்கிற சோதனையும் ஏறத்தாழ இதுதான்: சொட்டு விட்டு, எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பார்ப்பது. இலைகளிலும் சருகிலும் மெழுகு போன்ற எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. நெருப்பில் அவை ஆவியாகி, ஒரு பங்கு கீழே மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த இடத்தில் மணிகளின் மேல் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு மண்ணின் நீர்விலக்கும் தன்மை என்று பெயர். சூடு மிதமிஞ்சினால் அந்தப் பூச்சே எரிந்துபோகும். என் சிவந்த மண் தண்ணீரைக் குடித்ததும், அதற்குக் கீழே இருந்த கறுத்த மண் குடிக்காததும் அதனால்தான்.

பலர் இந்த மெழுகோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. எரியாத காட்டில் மழை நேரே மண்ணில் விழுவதில்லை. இலையில் விழுந்து, கிளை வழியே வழிந்து, சருகு மெத்தையில் ஊறி, வேரும் மண்புழுவும் போட்ட துளைகளால் மெல்ல இறங்கும். பழைய கிடுகுக் கூரையை நினைத்துப் பாருங்கள்: மழை தொடங்கிக் கொஞ்ச நேரம் வரை தாழ்வாரத்தில் ஒன்றும் வடியாது. கூரை முதலில் தான் குடிக்கும். நெருப்பு இந்த எல்லா அடுக்கையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறது. மழைத்துளி வெறும் மண்ணில் அறைகிறது, நுண்ணிய சாம்பலும் தூளும் மிச்சத் துளைகளையும் அடைக்கின்றன. கிடுகு வேய்ந்த வீட்டுக்கு ஒரே இரவில் தகரம் போட்ட மாதிரி. தகரத்தில் முதல் துளி விழுந்த அடுத்த கணமே தாழ்வாரத்தில் தண்ணீர் ஊற்றுகிறதே, அதுதான் எரிந்த மலை.

பீலி நிறைகிற வேகம்

தகரத்தில் விழுகிற தண்ணீர் எல்லாம் கூரையோரப் பீலிக்கு வருகிறது. மலையில் பீலி என்பது ஓடை. ஓர் ஓடைக்குத் தண்ணீர் தருகிற சரிவு முழுவதையும் சேர்த்து நீரேந்து பகுதி என்கிறோம். வீட்டில் ஒரு பீலிக்குச் சொந்தமான கூரைப் பக்கம் மாதிரி. எதிர்வுகூறல் மலை முழுவதற்கும் ஒரே பதிலாக வராது. ஒவ்வொரு நீரேந்து பகுதிக்கும் தனித்தனிக் கணக்கு. பக்கத்துப் பக்கத்து ஓடைகளில் ஒன்றில் வந்து மற்றதில் வராமல் போவது சாதாரணம்.

இந்தப் பீலி வெறுமையாக இருப்பதும் இல்லை. செடியின் அடியிலும் விழுந்த மரத்தின் மேற்பக்கத்திலும் இத்தனை வருசம் தங்கியிருந்த மண்ணும் கல்லும், அந்தத் தாங்கல் எரிந்ததும், மழையே இல்லாமல் உருண்டு ஓடைக்குள் வந்து நிறையத் தொடங்கும். சரிவு போதிய செங்குத்தாக இருந்தால் நெருப்பு எரியும்போதே இது நடக்கும். ஆக, மழை வரும்போது ஓடைக்குள் சரக்கு தயாராக இருக்கிறது.

மேலே சரிவில் தண்ணீர் சிறு சிறு கோடுகளாக மண்ணை அறுக்கும். கோடுகள் சேர்ந்து வாய்க்கால், வாய்க்கால்கள் சேர்ந்து ஓடை. ஓடையில் இறங்கிய தண்ணீர் அடித்தளத்தைச் சுரண்டும். மண் சேரச் சேரத் தண்ணீர் தடித்துக் கனக்கிறது. கனக்கக் கனக்க இன்னும் பெரிய கல்லைத் தூக்குகிறது. அந்தக் கல் இன்னும் ஆழமாகச் சுரண்டுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி. மேலே கணுக்கால் அளவுத் தண்ணீராகத் தொடங்கியது கீழே வரும்போது வீட்டுயரச் சேறாக வருவது இப்படித்தான்.

பெரிய பாறைகள் அடியில் தங்கிவிடும் என்று நினைப்போம். தங்குவதில்லை. ஒரு பேணியில் அரிசியையும் கச்சானையும் (இந்த முறை தின்கிற கச்சான்) போட்டுக் குலுக்கிப் பாருங்கள். பெரியது மேலே வரும். ஓடுகிற கற்சேற்றிலும் பாறைகள் மேலே ஏறி முன்னுக்கு வந்து, ஓட்டத்தின் தலையில் ஒரு சுவர் மாதிரிச் சேர்கின்றன. முதலில் வந்து வீட்டில் மோதுவது அந்தச் சுவர்.

இதுவரை வந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்தால்: நெருப்பு சரிவைத் தகரமாக்குகிறது, ஓடையில் சரக்கை நிரப்புகிறது. குறுகிய நேரத்தில் கொட்டுகிற மழை அந்தச் சரக்கைக் கற்சேறாக்குகிறது. மண் ஊறவேண்டிய அவசியமே இல்லை.

நெருப்பு எவ்வளவு ஆழமாகச் சுட்டது

எல்லா நெருப்பும் ஒன்றல்ல என்பதை மாமாவின் சேனையே காட்டியது: ஒரே நெருப்பு, பத்தடி தூரத்தில் இரண்டு விதமான மண். ஒரு மலை முழுவதும் போத்தலோடு ஏறி இறங்க முடியாது. அதனால் செய்மதியைக் கேட்கிறார்கள்.

நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிகள் இதற்கு உதவுகின்றன. சிவப்புக்கு அப்பால் உள்ளதால் இரண்டையும் அகச்சிவப்பு என்கிறோம். உயிருள்ள இலை அவற்றில் ஒரு வகையை நன்றாகத் திருப்பி அனுப்பும். எரிந்து காய்ந்த வெறும் நிலம் மற்ற வகையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நெருப்புக்கு முன் எடுத்த படத்திலும் பின் எடுத்த படத்திலும் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண் எரிவுக் கடுமையைக் காட்டுகிறது: லேசு, நடுத்தரம், கடுமை. லாண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய செய்மதிகளின் படங்கள் எல்லாருக்கும் இலவசம். சென்டினல்-2 இந்த வேலைக்குப் பார்க்கிற ஒரு சதுரம் 20 மீற்றருக்கு 20 மீற்றர். கிட்டத்தட்ட 16 பேர்ச்சஸ், ஒரு சின்ன வளவு.

ஆனால் செய்மதி மேலே இருந்து பார்க்கிறது. கருகிய இலை அதற்குத் தெரியும், கருகிய வேர் தெரியாது. அதனால் ஆட்கள் போய்ச் சில இடங்களில் தோண்டி, சொட்டு விட்டு, வேர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வரைபடத்தைத் திருத்துவார்கள்.

கணக்கில் என்ன இருக்கிறது

இந்தத் துறையில் அதிகம் உழைத்தது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் காட்டுத்தீயும் உண்டு, செங்குத்து மலையும் உண்டு, அடிவாரத்தில் ஊர்களும் உண்டு. அங்கே எரிந்த நீரேந்து பகுதிகளில் எந்த மழைக்கு எதில் கற்சேறு வந்தது, எதில் வரவில்லை என்று வருசக்கணக்காகக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பிலிருந்து ஒரு சூத்திரம் எடுத்தார்கள். நம் வயல்வெளியில் நீர்ப்பாய்ச்சலைப் பார்க்கிற அனுபவப்பட்ட வட்டவிதானை, "இந்த மழைக்கு இந்த வரம்பு உடையும், அது உடையாது" என்கிறாரே, அந்த அறிவை எண்ணில் எழுதியதுதான் இது.

சூத்திரம் மூன்று கேள்வி கேட்கிறது. ஒன்று, இந்த நீரேந்து பகுதியில் 23 பாகைக்கு மேல் சரிவாகவும், அதே நேரம் நடுத்தரமாகவோ கடுமையாகவோ எரிந்தும் இருக்கிற பங்கு எவ்வளவு? 23 பாகை என்றால் பத்தடி முன்னே போனால் நாலேகால் அடி மேலே ஏறியிருப்போம். ஏறுபவருக்கு மூச்சு வாங்கும். இரண்டு, சராசரியாக எரிவுக் கடுமை எவ்வளவு? மூன்று, அந்த மண் எவ்வளவு லேசில் அரிபடும்? களியா, மணலா, தூளா?

இந்த மூன்று விடையையும் தனியே கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் மழையால் பெருக்குகிறார்கள். எவ்வளவு மோசமாக எரிந்த சரிவானாலும் மழை இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை என்பதுதான் இந்தப் பெருக்கலின் பொருள். நெருப்பு அணைந்த சில நாட்களிலேயே மழையைத் தவிர மற்ற எல்லாம் கையில் இருக்கும். அதனால்தான் வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே, எந்த ஓடை ஆபத்து என்று வண்ணம் தீட்டிய வரைபடம் வந்துவிடுகிறது. எவ்வளவு சரக்கு இறங்கும் என்பதற்கு இன்னொரு சூத்திரம் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

ஏன் பதினைந்து நிமிடம்

பெருக்குகிற அந்த மழை எந்த மழை? ஒரு நாள் மழை அல்ல, ஒரு மணி நேர மழையும் அல்ல. 15 நிமிடத்தில் விழுந்த மழை.

மாமா சொன்ன "ஊறி விழுகிற" மலைக்கு நாள்கணக்கு சரி. நம் நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முக்கியமாகப் பார்ப்பதும் 24 மணிநேர மழையைத்தான்: 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாம் நிலை, 150 தாண்டினால் வெளியேறச் சொல்லும் நிலை. ஊறுகிற மலைக்கு அது பொருத்தமான கடிகாரம். தகரமாகிப்போன மலைக்கு அந்தக் கடிகாரம் உதவாது. தகரக் கூரையின் பீலி வழிவதற்கு நாள் முழுவதும் பெய்யவேண்டியதில்லை, ஓங்கி ஒரு அடி போதும். மெல்லிய தூறல் 24 மணிநேரம் பெய்து 80 மில்லிமீற்றர் சேர்ந்தாலும் எரிந்த சரிவில் ஒன்றும் நடக்காமல் போகலாம். அதில் பத்தில் ஒரு பங்கு கால்மணி நேரத்தில் கொட்டினால் கதை வேறு.

எவ்வளவு கொட்டினால்? அமெரிக்க வரைபடங்களில் அடிக்கடி எடுத்துக்கொள்கிற உதாரண மழை மணிக்கு 24 மில்லிமீற்றர் வேகம். அதாவது 15 நிமிடத்தில் 6 மில்லிமீற்றர். மழைமானியில் சின்னவிரல் நகத்தின் அகலம்கூட வராது. மட்டக்களப்பில் மாரியில் இப்படி ஒரு மழை பெய்தால் யாரும் துணி எடுக்கக்கூட அவசரப்படமாட்டார்கள். ஆனால் ஒரு ஏக்கர் தகரத்தில் விழுந்தால் அது 24,000 லீற்றர்; வீட்டுக்கு மேல் வைக்கிற ஆயிரம் லீற்றர்க் கறுப்புத் தாங்கி 24. பள்ளத்தாக்கில் எத்தனை ஏக்கர், அத்தனை தடவை பெருக்குங்கள். எல்லாம் ஒரே ஓடைக்கு, ஒரே நேரத்தில்.

கற்சேறு வருவதற்கும் வராமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்பு உள்ள மழை வேகத்தை வாசல் அளவு என்கிறார்கள். எச்சரிக்கை கொடுக்கிறவர்கள் கையில் வைத்திருப்பது இந்த ஒரு எண்தான். வானிலைக்காரர், "இன்றிரவு வரும் மேகம் வாசலைத் தாண்டுமா?" என்று மட்டும் பார்த்தால் போதும்.

மொன்டசிட்டோ, 2018

கலிபோர்னியாவில் 2017 டிசம்பர் 4 அன்று தோமஸ் தீ என்று பெயர் வைத்த காட்டுத்தீ தொடங்கியது. 280,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு. மலைக்கும் கடலுக்கும் இடையில் மொன்டசிட்டோ என்ற ஊர். பணக்காரர்கள் வாழ்கிற இடம். மேலே இருந்த மலை எரிந்தது.

2018 ஜனவரி 9 அதிகாலை, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, 5 நிமிடத்தில் 13 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. ஓடைகள் எல்லாம் பாறையும் சேறுமாக ஊருக்குள் இறங்கின. 23 பேர் இறந்தார்கள். கடற்கரையோரப் பெருந்தெருவான 101 கிட்டத்தட்ட இரண்டு கிழமை மூடிக்கிடந்தது. தோமஸ் தீ முழுதாகக் கட்டுக்குள் வந்தது என்று அறிவித்தது ஜனவரி 12 அன்று. நெருப்பு கணக்கில் அணைவதற்கு மூன்று நாள் முன்பே சேறு வந்துவிட்டது.

ஆபத்து வரைபடம் முன்பே இருந்தது. மழை வருகிறது என்பதும் தெரியும். ஆட்களை வெளியேறச் சொல்லியும் இருந்தார்கள். ஆனால் கட்டாயமாக வெளியேற வேண்டிய எல்லை மேலே மலைப்பக்கம். கீழே இருந்தவர்களுக்கு "விரும்பினால் போகலாம்". அழிந்த வீடுகளில் பெரும்பங்கு அந்தக் கீழ்ப் பகுதியில். எந்த ஓடையில் தொடங்கும் என்பதைச் சொல்கிற அளவுக்கு, கீழே எந்தத் தெருவரை ஓடும் என்பதைச் சொல்வது சுலபமல்ல. ஒரு பாலத்தின் கீழ் பாறை சிக்கினால் போதும், ஓட்டம் வேறு தெருவுக்குத் திரும்பிவிடும். ஓடை மலையை விட்டு வெளியே வருகிற இடத்தில் விசிறி மாதிரி விரிந்த மேட்டுநிலம் இருக்கிறதே, அதுவே பழைய கற்சேறுகள் போட்ட மண்தான். மொன்டசிட்டோ அதன் மேலேதான் கட்டப்பட்டிருக்கிறது.

"நூற்றுக்கு 80" என்றால் என்ன

அதிகம் பிழையாக விளங்கப்படுவது இந்த இடம். ஒரு ஓடைக்கு 80 வீதம் என்று வரைபடம் காட்டினால், "இந்த வருசம் வருவதற்கு 80 வீத வாய்ப்பு" என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மழை முடிந்து ஒன்றும் வராவிட்டால், "சும்மா பயங்காட்டினார்கள்" என்கிறார்கள்.

கல்லடியில் ஒரு பழைய தோணிக்காரர், "இப்பிடிக் காத்தெண்டா இந்த மாதிரித் தோணி பத்தில எட்டுக் கவுழும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தக் காற்று வரும் என்று அவர் சொல்லவில்லை. வந்தால் என்றுதான் சொல்கிறார். வரைபடத்தின் 80 வீதமும் அப்படித்தான்: இந்த 15 நிமிட மழை இந்த ஓடையின் மேல் விழுந்தால். அந்த மழை வருமா என்பது வேறு ஆளின் வேலை. பக்கத்து மலையில் கொட்டிவிட்டு மேகம் போய்விட்டால் கணக்குப் பிழையில்லை, காற்று வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேறு ஆளின் வேலைதான் கஷ்டம். நாளை மழை என்று சொல்லலாம். எந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கால்மணி நேரம் என்று சொல்ல முடியாது. மழை மேகத்தை ராடாரில் நேரே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் முன்னால் சொல்லலாம். நம் நாட்டில் அத்தகைய வானிலை ராடார் அமைக்கத் திட்டமிட்ட இரண்டு இடங்களில் ஒன்று அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில், மற்றது புத்தளம்.

சுருக்கம்: "எங்கே" என்பது நெருப்பு அணைந்ததும் தெரிகிறது. "எவ்வளவு மழைக்கு" என்பதும் தெரிகிறது. "எப்போது" என்பது மழையின் கையில் இருக்கிறது.

சரி, நமக்கு?

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறவர்கள் பயப்பட ஒன்றும் இல்லை. கற்சேறு ஓடுவதற்குச் சரிவு வேண்டும். நிலம் தட்டையானதும் தண்ணீரைக் கழியவிட்டு நின்றுவிடும். நம் மாவட்டத்துக் குடும்பிமலை எரிந்தால் அடிவாரத்தில் கொஞ்சம் மண்ணும் கல்லும் இறங்கலாம், வாவிக்கு வராது. மாமாவின் சேனை தட்டை நிலம், அதுவும் வராது.

ஆனால் செங்கலடியில் தொடங்குகிற பதுளை வீதியை யோசித்துப் பாருங்கள். கரடியனாறு, மகாஓயா வரை தட்டை. பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று ஏறத் தொடங்கினால் ஊவா மலைகள். நமக்குக் கச்சான் வீசுகிற அதே மாதங்களில் அங்கேயும் வறட்சி. புல்வெளிகளும் பைன் தோட்டங்களும் எரிகிற காலம். அது முடிந்ததும் ஒக்டோபரில் இடைப்பருவ மழை, பின்னேரம் இடியோடு ஓங்கி அடிக்கிற வகை. நெருப்புக்கும் கொட்டுகிற மழைக்கும் இடையில் ஒன்றிரண்டு மாதம்தான்.

அதற்காக எரிந்த மலை ஒவ்வொன்றையும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. புல்வெளி நெருப்பு வேகமாக ஓடிவிடும். மண்ணைச் சுட நேரம் கிடைக்காது, புல்லின் வேர் தப்பும், முதல் தூறலுக்கே துளிர்க்கும். என் சோதனையில் சொட்டு உடனே இறங்கிய இடம் அதுதான். சருகு மெத்தையும் கட்டையுமாகக் கனன்று எரிந்த பைன் சரிவு வேறு. செய்தியில் எது எரிகிறது என்று பார்க்கும்போது, எத்தனை ஏக்கர் என்பதைவிட என்ன எரிந்தது, எவ்வளவு செங்குத்து, கீழே ஓடையோரம் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்ப்பது அதனால்தான். அமெரிக்கச் சூத்திரத்தை அப்படியே தூக்கி ஊவாவில் வைக்கவும் முடியாது. அது அந்த மண்ணின், அந்த மழையின் குறிப்பேட்டிலிருந்து வந்தது. நம் மலைக்கு நம் குறிப்பேடு வேண்டும். மழைமானி, நேரம், எந்த ஓடை, என்ன வந்தது என்று எழுதிவைத்தால் அது தொடங்கும்.

எரிந்த மலையின் கீழே இரவில் தங்க நேர்ந்தால் மழையின் மொத்தத்தைவிட அடியைக் கவனியுங்கள். ஓடைத் தண்ணீர் திடீரென்று தடித்தாலும், திடீரென்று குறைந்தாலும், மேலே உருளுகிற சத்தம் கேட்டாலும் ஓடையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறவேண்டும். வாகனத்தோடு பாலத்தைக் கடக்கப் பார்க்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

டிசம்பரில் மறுபடி மாமாவின் சேனைக்குப் போனேன். சோளன் இடுப்பளவு. கட்டை எரிந்த இடத்தைத் தேடிப் பிடித்து, சுரண்டி, சொட்டு விட்டேன். மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது. இரண்டு மாத மழையில் மெழுகு விட்டுப்போயிருக்கிறது.

"என்ன மனே, மண்ணுக்கு மருந்து விடுறியா?" என்றார் மாமா. கதையைச் சொன்னேன். "அப்ப அந்த மலைக்காரர் எத்தின வருசம் பாத்திருக்கணும்?"

"ரெண்டு மாரி, மாமா. அதுக்குள்ள செடி வந்து மூடிரும், பீலியில கிடந்த சரக்கும் கழுவுப்பட்டுப் போயிரும்."

குனிந்து ஒரு கருகிய அடிக்கட்டையைக் காலால் தட்டினார். உள்ளே உளுத்திருந்தது. "இந்த வேரெல்லாம் உளுத்தாப் பிறகு?"

பட்ட மரத்தின் வேர் முழுதாக உளுக்கச் சில வருசம் எடுக்கும். அதன் பிறகு அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்துவைத்த பழைய வேர் இருக்காது. அடைமழையில் ஊறித் துண்டாகக் கழன்று வரலாம். அன்றிரவு மாமா சொன்ன மண்சரிவு அப்போதுதான் வரும். அதற்கு மறுபடி 24 மணிநேரக் கடிகாரம்.